நேர்முகப் பரீட்சையில் ஆங்கிலம்: களனிப் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

உத்தியோகம் வேண்டி வந்த ஒருவனை எதிரே அமர்த்தி, அவனுடையதல்லாத மொழியிலே வினாவி, அம்மொழியில் அவன் விடையிறுக்கும் திறத்தைக் கொண்டே அவனது தகுதி முழுவதையும் அளந்துவிடும் வழக்கம் தமிழருக்குப் பழையதன்று. புலவன் மன்னன் அவையிலே நின்று தன் புலமையை நிலைநாட்டியதுண்டு. ஆனால் அவன் தன் மொழியிலேயே பேசினான், அவையோரும் அம்மொழியிலேயே கேட்டனர். ஆங்கிலம் உத்தியோகத்தின் வாயிற்படியாக வைக்கப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாகும். இதன் வரலாற்றைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நின்று எழுதியோர் பலர். சப்பிரகமுவ மாகாணத்து யட்டியாந்தோட்டையிலே, இறப்பர் மரங்களுக்கும் தேயிலைச் செடிகளுக்கும் நடுவே நின்று நோக்கினால் அதே வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகின்றது.

கோல்புறூக், கமரன் என்னும் விசாரணையாளர் இருவரின் விதப்புரைகள் 1833ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தபோது, ஆங்கிலங் கற்ற சுதேசிகளுக்கு அரசாங்க சேவையில் இடமுண்டு என்னும் கொள்கையும் உடன் வந்தது. பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியின் தொடக்கம் 1835ஆம் ஆண்டுக்குரியது. இந்தியாவிலே மக்காலேயின் கல்விக் குறிப்பு எழுந்ததும் அவ்வாண்டிலேதான். யாழ்ப்பாணத்திலோ இவற்றுக்கு முன்னரே, 1823இல், அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியிருந்தனர். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக 1857இல் தேறிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஆங்குக் கற்றவர்களே. ஆங்கிலம் வேண்டின் மிஷன் பாடசாலையையே நாடவேண்டும் என்னும் நிலை சைவ மக்களுக்குப் பெருஞ் சங்கடத்தை விளைத்தது. சமயத்தைக் கைவிடாமல் ஆங்கிலங் கற்க வழி வேண்டுமென்று கருதிய ஆறுமுக நாவலர் 1872இல் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பணமுடையால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் அவர் காட்டிய வழியே 1890இல் சைவ பரிபாலன சபையின் பொறுப்பில் உருப்பெற்ற யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கு இட்டுச் சென்றது. நாவலர் ஆங்கிலத்தை வெறுத்தார் என்று எண்ணுவோர் இந்த ஒரு செய்தியையேனும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

இவ்வாறு ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் கொழும்புக் கந்தோர்களிலும், மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதியிலும், மலைநாட்டுத் தோட்டக் காரியாலயங்களிலும் எழுதுவினைஞராயினர். பொன்னம்பலம் அருணாசலம் 1875இல் போட்டிப் பரீட்சையிலே தேறி இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார். அவ்வாறு புகுந்த முதல் இலங்கையர் அவரே. அவரைப் போன்றவர் பதவியின் உச்சியிலும், மாதச் சம்பளத்துக்குப் பேரேடு எழுதியவர் அடியிலுமாக, ஆங்கிலத்தால் ஒரு புதிய ஏணி அமைந்தது.

இனி, பரீட்சை முறையையே சற்று நோக்குதல் வேண்டும். பிரித்தானியாவில் உத்தியோகங்கள் நெடுங்காலம் சிபாரிசினாலேயே வழங்கப்பட்டன. நோர்த்கோட்டும் திறெவெலியனும் 1854இல் வெளியிட்ட அறிக்கை அதற்குப் பதிலாக எழுத்துப் போட்டிப் பரீட்சையை விதந்துரைத்தது. இந்தியச் சிவில் சேவைக்கு 1855 முதல் இம்முறை வந்தது. எழுத்துப் பரீட்சைக்கு ஒரு பெருமையுண்டு. விடைத்தாளுக்கு முகமில்லை, குரலில்லை, தந்தையின் பெயரில்லை. திருத்துவோன் எழுத்தை மட்டுமே காண்பான். சத்தியேந்திரநாத தாகூர் 1863இல் அப்பரீட்சையிலே தேறினார் என்றால் அதற்கு அந்த முகமின்மையும் ஒரு காரணமாகும். எனினும், ஆட்சியாளர் தாம் விரும்பாதோரை விலக்குதற்கு வேறு வாயில்களையும் வைத்திருந்தனர். அரவிந்தர் 1890இல் எழுத்துப் பரீட்சையிலே சித்தியெய்தியும், குதிரையேற்றப் பரீட்சையை முடிக்காமையால் 1892இல் சேவைக்குத் தகுதியற்றவராயினார். கலெக்டர் குதிரையேற அறிந்திருத்தல் அக்காலத்திலே தேவைதான். ஆயினும் கிரேக்கமும் இலத்தீனுங் கற்ற ஒருவரைக் குதிரை தள்ளிவிட்டது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

வாய்மொழிப் பரீட்சை, அதாவது இன்றைய நேர்முகப் பரீட்சை, பிரித்தானியச் சிவில் சேவையின் உயர்வகுப்புத் தேர்விலே இடம்பெறுதல் வேண்டுமென்று 1917இல் லீத்ஸ் குழு விதந்துரைத்தது. சமயோசித அறிவையும் தோற்றப் பொலிவையும் அளத்தலே அதன் நோக்கம் என்றனர். நோக்கம் நன்றே. ஆனால் எழுத்துப் பரீட்சை மறைத்த முகத்தையும் குரலையும் இது மீண்டும் முன்னே கொணர்ந்தது. ஒருவன் எந்தப் பாடசாலையிற் படித்தான், வீட்டிலே எம்மொழி பேசினான் என்பவற்றை அவன் வாய்திறந்த கணத்திலேயே கேட்போர் ஊகித்துவிடுவர். இலங்கையிலே இவ்வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்பட்டது. கேம்பிரிட்ஜ் பரீட்சை, இலண்டன் மற்றிக்குலேசன், இலண்டன் வெளிவாரிப் பட்டம் ஆகிய யாவும் எழுத்தாலேயே அமைந்தவை. ஆங்கிலேயர் ஒருவரோடு ஒருநாளும் உரையாடாமலே, விளக்கொளியிற் படித்து, இலண்டன் பட்டதாரியாகிவிடலாம். அங்ஙனம் ஆனவர் இந்நாட்டில் அநேகர். அவர்கள் எழுதிய ஆங்கிலம் இலக்கண வழுவற்றது. ஆனால் நேர்முகப் பரீட்சையிலே முதல் வினாவுக்கு நா எழுவதில்லை.

எழுத்தாங்கிலமே சிலருக்கு இடர் செய்ததும் உண்டு. அதற்குச் சிறந்த உதாரணம் கணித மேதை சீனிவாச இராமானுசன். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904இல் உதவிப்பணம் பெற்றுச் சேர்ந்த அவர், ஆங்கிலக் கட்டுரைப் பாடத்திலே தவறியதால் அவ்வுதவிப்பணத்தை இழந்தார். பின்னர் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எவ். ஏ. பரீட்சையிலே தேறவில்லை. 1912ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் வெற்றிடமாயிருந்த எழுதுவினைஞர் பதவிக்கு அவர் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினார். அக்கடிதம் இன்றும் கிடைக்கின்றது. மெற்றிக்குலேசன் தேறியவர் என்பதையும், சூழ்நிலை இடங்கொடாமையால் மேற்படிப்பைத் தொடர முடியாமற் போனதையும், தம் நேரம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருவதையும், பதவி கிடைத்தால் அப்பணியைச் செவ்வனே செய்யமுடியும் என்னும் நம்பிக்கை உண்டென்பதையும் சில வரிகளிலே கூறுகின்றது. பிரசிடென்சிக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ற் என்பாரின் சிபாரிசும் உடன் சென்றது. மாதம் முப்பது ரூபா சம்பளத்தில் மார்ச்சு 1ஆந் திகதி அவர் வேலையேற்றார். ஓராண்டு முடியுமுன்னரே, 1913 ஜனவரி 16இல், கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலும், தாம் துறைமுகக் கழகக் கணக்குப் பகுதியின் எழுதுவினைஞர் என்பதையும் தமது சொற்பச் சம்பளத்தையுமே முதலிற் கூறினார்; கல்லூரிப் பட்டம் இல்லை என்பதையும் மறைத்தாரில்லை.

இராமானுசனின் விண்ணப்பத்திலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதிலே பொய்யான பெருமையுமில்லை, வீணான இரங்கலுமில்லை. தவறிய பரீட்சையைப் பற்றி நீண்ட விளக்கந் தருதலையும் அவர் தவிர்த்தார். ஆங்கிலத்திலே தவறியவர் என்று கல்லூரி தள்ளிய ஒருவர், பதவிக்கு வேண்டிய அளவு ஆங்கிலத்தை அளவறிந்து பயன்படுத்தியமை இங்கே புலனாகின்றது. கல்லூரி கேட்ட ஆங்கிலமும் பதவி கேட்ட ஆங்கிலமும் ஒன்றல்ல.

இவ்விடத்தில் களனிப் பள்ளத்தாக்குக்கு வருவோம். கொழும்பிலிருந்து புறப்பட்ட இரண்டரை அடி அகலப் புகையிரதப் பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவிசாவளையைக் கடந்து யட்டியாந்தோட்டை வரை வந்தது. இரத்தினபுரிக் கிளை 1912இலேதான் திறக்கப்பட்டது. தேயிலையும் இறப்பரும் அவ்வழியே கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கின. போர்க்காலத்தில், 1942இல், அவிசாவளைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் இடைப்பட்ட தண்டவாளம் கைவிடப்பட்டது. ஊரின் பழைய பெருமையைப் பேசும் முதியோர் இன்றும் புகையிரதத்தையே முதலிற் குறிப்பிடுவர்.

தோட்டக் காரியாலயம் என்பது மும்மொழிக் கூடமாயிருந்தது. பெரிய துரையும் சின்னத் துரையும் ஆங்கிலம் பேசினர். பெரிய கிளாக்கர், டீமேக்கர், கண்டக்டர் முதலியோர் ஆங்கிலத்தில் ஏடெழுதித் தமிழிலே வேலையேவினர். கங்காணியும் தொழிலாளரும் தமிழ் பேசினர். சுற்றுக் கிராமங்களிலும் கடைத்தெருவிலும் சிங்களம் வழங்கிற்று. தொழிலாளர் நாவிலே ஆங்கிலச் சொற்கள் பல தமிழாகிவிட்டன. 'பரேட்' என்பது பெரட்டாயிற்று. 'லைன்' என்பது லயமாயிற்று. 'செக்றோல்' அப்படியே செக்ரோலாய் நின்றது. ஆங்கிலம் அறியாத மக்கள் என்று அவர்களைக் கூறுதல் முற்றிலும் பொருந்தாது. ஆங்கிலத்தின் அதிகாரச் சொற்களை அவர்கள் நன்கறிந்திருந்தனர். அதிகாரத்தோடு பேசும் ஆங்கிலமே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. உத்தியோகத்துக்காக அந்நிய மொழி கற்கவேண்டிய கட்டாயம் துரைமாருக்கும் இருந்தது. இங்கிலாந்திலிருந்து 'கிரீப்பர்' என்னும் பயிலுநனாக வந்த இளைஞன் தமிழிலே வேலையேவப் பழகாமல் தோட்டத்தை நடத்த முடியாது. அதற்கெனவே 'இங்கே வா', 'கூலித் தமிழ்' எனப் பெயரிய கைநூல்கள் கொழும்பிலே அச்சாயின. நூலின் பெயரே அதன் இலக்கணத்தைக் கூறிவிடுகின்றது. ஏவல் வினையே அத்தமிழின் முதலும் முடிவும். துரையின் தமிழ் எத்துணைக் கொச்சையாயினும் அதனால் அவர் பதவி ஆட்டங் காணவில்லை. பெரட்டுக்களத்தில் நின்றோர் அதைப் பொருள் கொண்டே தீரவேண்டும். கிளாக்கரின் ஆங்கிலத்தில் ஒரு காலவழு நேரின் அது அவருடைய கல்வியின்மைக்குச் சான்றாயிற்று. இரண்டாம் மொழியிற் செய்யும் பிழையின் விலை பேசுவோனின் பதவியைப் பொறுத்தது என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தொழிலாளிக்கு நேர்முகப் பரீட்சை இல்லை; 'துண்டு' இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் அவரை ஏற்கலாம் என்று துரை எழுதிக் கொடுத்த தாளே துண்டு. வேலை தேடிச் செல்பவரைப் பற்றி, அவர் வாசிக்கவியலாத மொழியில், மற்றொருவர் எழுதிய நற்சாட்சிப் பத்திரம் என்று அதைச் சொல்லலாம். நற்சாட்சி என்பதைவிடக் கடன்சாட்சி என்பதே பொருந்தும். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு ஒழிந்தது.

தோட்டப் பிள்ளைகளின் கல்வி இதற்கேற்பவே அமைந்தது. 1907, 1920ஆம் ஆண்டுகளின் கல்விச் சட்டங்கள் தோட்ட உரிமையாளர்மீது சில கடமைகளைச் சுமத்தின. எனினும் பாடசாலை என்று பெயர் பெற்றவை பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகள். எழுத்து, வாசிப்பு, கணக்கு என்பவற்றுக்கு அப்பால் அவை சென்றது அரிது. கிளாக்கரின் மகன் அவிசாவளைக்கோ கொழும்புக்கோ சென்று ஆங்கிலங் கற்றான். கொழுந்தெடுப்பவளின் மகன் பத்து வயதுக்குப்பின் மலையேறினான். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி நாட்டிலே ஒரு பெரும் புரட்சியைச் செய்தது உண்மை. தோட்டப் பள்ளிகளோ அப்புரட்சியின் ஓரத்திலே நின்றன. 1977ஆம் ஆண்டுமுதலே அவற்றை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது.

ஆங்கிலத்தின் தனியாட்சிக்கு எதிரான குரல் எழுந்ததும் இப்பள்ளத்தாக்கின் பிரதிநிதிகளிடமிருந்தே என்பது குறிப்பிடத்தக்கது. 1936இல் றுவான்வெல்லைத் தொகுதியிலிருந்து கலாநிதி என். எம். பெரேராவும், அவிசாவளைத் தொகுதியிலிருந்து பிலிப் குணவர்த்தனாவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். பொலிஸ் நீதிமன்றங்களிலே வழக்குகள் சுயபாஷையில் நடைபெறல் வேண்டும், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டுக்காரர் சொன்ன மொழியிலேயே முறைப்பாடு பதியப்படல் வேண்டும் என்று அவர்கள் அவ்வாண்டிலேயே சபையில் வாதாடினர். தான் சொன்னது யாதென்று எழுதப்பட்டதை வாசிக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டென்பதே அதன் சாரம். 1944இல் சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளாதல் வேண்டுமென்ற தீர்மானமும் நிறைவேறியது.

ஆங்கிலப் படி தாழுமென்று எதிர்பார்த்த தோட்டத் தமிழருக்கு வேறொரு படி உயர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்போர் இலங்கைப் பிரசையாயிருத்தல் முதல் நிபந்தனை. ஆங்கிலம் வல்லவனாயினும் அந்த நிரலை நிரப்பவியலாத இளைஞன் நேர்முகப் பரீட்சையின் வாயிலையும் காணமாட்டான். சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கைச்சாத்தாகி, ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்குமாகப் பகுத்தது. எஞ்சிய நாடற்றோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது.

இதனிடையே 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. அதன் விளைவை விளக்கக் கேகாலை மாவட்டத்துக்கு வெளியே செல்ல வேண்டுவதில்லை. கேகாலைக் கச்சேரியிற் கடமையாற்றிய கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர் ஆங்கிலத்தால் சேவையிற் புகுந்தவர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு அமராமையால் அவருக்கு உரிய சம்பள உயர்ச்சி 1962இல் மறுக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டுத் திறைசேரிச் சுற்றறிக்கையே அதற்கு ஆதாரம். அவர் வழக்காடினார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது; 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிட முடியாதென்று அத்தீர்ப்பை மாற்றியது; 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்கிட முடியுமென்று மீண்டும் மாற்றியது. மொழிச் சட்டம் செல்லுமோ செல்லாதோ என்னும் மூல வினாவுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. விடை வருமுன் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு வந்துவிட்டது. ஒரு எழுதுவினைஞரின் சிறு சம்பள உயர்ச்சி ஒரு நாட்டின் அரசியலமைப்பையே வினாவியது இவ்வழக்கின் சிறப்பு.

ஆங்கிலம் போய்விட்டது என்று பலர் எண்ணிய காலத்திலும் அது போகவில்லை. கந்தோர் வாயிலை விட்டு நீங்கி, வங்கி, ஏற்றுமதி நிறுவனம், உல்லாச விடுதி ஆகியவற்றின் வாயிலிலே அமர்ந்தது. 1977க்குப் பின் தனியார்துறை வளர்ந்தபோது அதன் விலையும் ஏறியது. பேராதனையிலே கிராமத்து மாணவர் ஆங்கிலத்துக்குச் சூட்டிய பெயர் 'கடுவ', அதாவது வாள் என்பதாம். கையிலுள்ளவனுக்கு ஆயுதம், இல்லாதவனுக்குக் காயம் என்னும் கசப்பு அச்சொல்லிலே தொனிக்கின்றது. தமிழ் 1987இல் அரசகரும மொழியாயிற்று. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. 2001இல் உயர்தர விஞ்ஞான வகுப்புகளிலும் 2002இல் ஆறாந் தரத்திலும் ஆங்கிலமூலக் கல்வி மீண்டும் இடம்பெற்றது. ஆங்கில ஆசிரியர் உள்ள பாடசாலைகளுக்கே அது பயன்பட்டது என்பதைக் கூற வேண்டுவதில்லை. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றபோது காரியாலயக் கடிதங்களின் மொழியும் மாறவில்லை. ஆக, ஆங்கிலம் வேண்டிய காலத்தில் ஆங்கிலமும், பிரசாவுரிமை வேண்டிய காலத்தில் பிரசாவுரிமையும், சிங்களம் வேண்டிய காலத்தில் எழுத்துச் சிங்களமும் இன்றி நின்ற ஒரு சமூகம், மற்றைய தடைகள் நீங்கிய பின்னர் மீண்டும் முதற் படியின் முன்னேயே வந்து நிற்கின்றது.

இன்று யட்டியாந்தோட்டையிலிருந்து அவிசாவளைக்கும் கொழும்புக்கும் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞனுக்கு இடர் செய்வது இலக்கணம் மட்டுமன்று. தமிழ் வழக்கிலே பெரியோர் முன்னிலையிற் கண்ணைத் தாழ்த்துதல் மரியாதை; பரீட்சகர் அதைத் தன்னம்பிக்கையின்மை என்று கொள்வர். வினா முடிந்ததும் சற்றே தாமதித்து விடையிறுத்தல் அடக்கம். அவர் அதை அறியாமை என்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, 'உம்மைப் பற்றிக் கூறும்' என்னும் முதல் வினா அவனைத் திகைக்க வைக்கின்றது. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்தவன் அங்கே யாது கூறுவான்? ஊரையும் பிறந்த திகதியையும் கூறி நிறுத்திவிடுகின்றான்.

பவணந்தி முனிவர் இதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை கூறியுள்ளார். தற்புகழ்ச்சி குற்றமெனக் கொள்ளும் நன்னூற் பாயிரம், அது குற்றமாகாத இடங்கள் நான்கினையும் உடன் கூறுகின்றது. அரசனவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையிலே வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்தவிடத்தும் புலவன் தன்னைப் புகழலாம் என்பது அது. விண்ணப்பம் எழுதுதல் முதலாவது. நேர்முகப் பரீட்சை இரண்டாவது. திருக்குறளிலே 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என ஈரதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டமையும் கருதத்தக்கது. அஞ்சாது மறுமொழி கூறுதற்கென்றே தருக்க நெறியை அளவறிந்து கற்க வேண்டுமென்பர் வள்ளுவர். அஞ்சாமை பிறவிக்குணம் என்று அவர் கூறவில்லை. கேட்போர் யாவர், எவ்வளவு கேட்பர் என்பதை அறிந்த பின்னரே பேச்சு.

ஆதலின் ஆயத்தம் என்பது நாற்பது விடைகளை மனனஞ் செய்தலன்று. மனனஞ் செய்த வாக்கியம் இடையிலே ஒரு சொல் மறந்தவுடன் முழுவதும் சரிந்துவிடும். தன் வாழ்க்கையிலே தான் செய்த மூன்று நான்கு காரியங்களைச் சிறு வாக்கியங்களில் ஆங்கிலத்திலே சொல்லப் பழகுதல், வினா விளங்காவிடின் மீண்டும் கூறுமாறு தயங்காது கேட்கப் பழகுதல், நாள்தோறும் பத்திரிகைப் பத்தி ஒன்றை உரக்க வாசித்து அதன் பொருளைப் பத்திரிகையை மூடிவிட்டுக் கூறுதல் ஆகிய இவை செலவில்லாத பயிற்சிகள். தோழன் ஒருவன் பரீட்சகனாக எதிரே அமர்ந்தாற் போதும். உச்சரிப்பு ஆங்கிலேயனுடையதாதல் வேண்டுமென்பதில்லை. கேட்போனுக்கு விளங்குதல் வேண்டும், அவ்வளவே.

விண்ணப்பப் படிவத்திலே 'அறிந்த மொழிகள்' என்றொரு நிரல் உண்டு. களனிப் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் அதிலே தமிழ் என்று எழுதி, ஆங்கிலம் என்பதன் எதிரே 'சுமார்' என்று குறித்துவிட்டு, அடுத்த நிரலுக்குச் சென்றுவிடுகின்றனர். கடைத்தெருவிலும் பஸ் வண்டியிலும் வைத்தியசாலையிலும் நாள்தோறும் சரளமாகப் பேசும் சிங்களம் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. கொழும்பிலே ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த போட்டியாளரிடம் இம்மூன்றும் ஒருங்கே இருப்பதில்லை.